இரையும் கடலோரம் ஒரு வீடு

கந்தவேல் வேலையை விட்டு நின்ற அன்றைக்குத்தான் அவர் காதுக்குள் அந்த மெஷின் ஓடத் தொடங்கியது. உண்மையில் அது பல வருஷமாகவே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரே கூரையின் கீழ் பனியன் துணி பின்னும் இருபது நிட்டிங் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்த ஷெட்டில் முப்பத்து மூன்று வருஷம் மாஸ்டராக இருந்தவருக்கு, இருபத்தோராவது மெஷின் ஒன்று தன் தலைக்குள் ஓடுவது எப்படித் தெரியும்? சால்வை போர்த்தி, மாலை போட்டு, லட்டும் மிச்சரும் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். சத்தம் அவருக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

காது டாக்டர் பெட்டி போன்ற ஓர் அறைக்குள் அவரை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தார். காதுக்குள் இருக்கிற மெல்லிய இழைகள் தேய்ந்துவிட்டன, வெளியே சத்தம் இல்லாதபோது மூளை தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். இழை தேய்வது என்றால் என்னவென்று கந்தவேலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தார்.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவர் மனைவி சாரதாமணி ஒருநாள் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"ஆளே இல்லாத ஷெட்டுல ஒரு மெஷின் மட்டும் ஓடுனா எப்புடி இருக்கும், அப்புடி. நூலும் இல்ல, துணியும் எறங்கல. சும்மா ஓடுது."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில் மிக்சியைப் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பாள். மிக்சி ஓடும்வரை அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அரைப்பதற்கு வீட்டில் எவ்வளவுதான் இருக்கும்?

நான்கு வருஷம் இப்படிப் போனது. மாசி மாதத்தில், பல வருஷம் கழித்து, இருவரும் திருச்செந்தூருக்குப் போனார்கள். தரிசனம் முடிந்து, உச்சி வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கந்தவேல் கால் நனைக்கக் கடலில் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபோது யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. என்னவோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றியது. இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்தினார். மெஷின் ஓடியது. கையை எடுத்தார். நின்றது. பொத்தினார், எடுத்தார். அலைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்து உடைந்துகொண்டே இருந்தன. அந்த இரைச்சல் அவர் தலைக்குள் புகுந்து, தண்ணீர் பள்ளத்தை நிரப்புவதுபோல, ஒவ்வொரு மூலையாக நிரப்பியது. நான்கு வருஷத்தில் முதல்முறையாகத் தன் தலை ஒரு காலி வீடுபோல, கதவெல்லாம் திறந்து, காற்றோட்டமாக இருப்பதை உணர்ந்தார். கரையில் சாரதாமணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதைப் பொத்திப் பொத்தி எடுக்கும் மனிதரைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. பஸ் கடலை விட்டு விலகியதுமே மெஷின் பழையபடி ஓட ஆரம்பித்தது. மூன்று நாள் கழித்து, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அடுக்களை வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னார்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "இத ஏனுங்க மூணு நாளா மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்க?"

"சொன்னா என்ன பண்றது? கடலத் தூக்கிட்டு வர முடியுமா?"

"நாம போலாமுல்லீங்க," என்றாள். "கடல்கிட்ட ஒரு ஊடு பாக்கலாமுங்க. சின்னதாப் போதும்."

அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளும் பனியன் கம்பெனியில் இருந்தவள். செக்கிங் டேபிளில் இருபத்தாறு வருஷம், டியூப்லைட்டுக்குக் கீழே, துணியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று ஒரு முழ தூரத்தில் கண்ணை வைத்தே வாழ்ந்தவள். தூரமாக எதையாவது பார்க்க வேண்டும் என்பது அவளுக்குள் வெகுநாளாக இருந்த ஆசை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. எதுவும் அசையாத, முடிவே இல்லாத ஏதோ ஒன்று. சில நேரம் பகலிலேயே அது கனவு மாதிரி வரும். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே தண்ணீர், தண்ணீருக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

மகன் செந்தில்வேலுக்கு இது பிடிக்கவில்லை. அவன் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அம்மாவும் அப்பாவும் தெரியாத ஊரில் தனியாக இருப்பது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கீழே விழுந்தால் யார் தூக்குவது என்று ஒன்றொன்றாகக் கேட்டான். பிறகு, அலைச் சத்தம்தானே வேண்டும் என்று போனில் எட்டு மணி நேர அலைச் சத்தத்தை இறக்கி, நல்ல ஹெட்போனாக ஒன்று வாங்கி வந்து அப்பாவின் தலையில் மாட்டினான். கந்தவேல் கண்ணை மூடிக் கேட்டார். மகனுடைய அக்கறைக்காகவே முகத்தில் மகிழ்ச்சி காட்டினார். கால் மணி நேரம் கழித்துக் கழற்றினார்.

"இதுல ரிப்பீட் வருது கண்ணு," என்றார். "ஒரு அலைய வெட்டி வெட்டி ஒட்டியிருக்காங்க. அஞ்சாவது அலை எப்பவும் ஒரே மாதிரி ஒடையுது."

துணியில் டிசைன் எந்த அங்குலத்தில் மறுபடி வருகிறது என்று ஒரு பார்வையில் சொல்கிறவரிடம் அதை மறைக்க முடியாது. அந்த ஐந்தாவது அலை எப்போது வரும் என்று காத்திருந்தே அவருக்குத் தலை வலித்தது. செந்தில்வேல் ஹெட்போனைச் சுருட்டி வைத்தான். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள், வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம் என்ற ஒரே நிபந்தனையோடு அவனும் வீடு தேட உட்கார்ந்தான்.

சித்திரையில் சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் ஒரு வில்லா குடியிருப்பைப் பார்த்தார்கள். வாசலில் நீரூற்று, தெருவுக்கெல்லாம் சிப்பிகளின் பெயர். டை கட்டிய விற்பனையாளர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக் காட்டினார். இரட்டைக் கண்ணாடி, வெளியே புயலே அடித்தாலும் உள்ளே ஒரு சத்தம் வராது, கடல் பக்கத்தில் இருப்பதே தெரியாது என்று பெருமையாகச் சொன்னார். அந்த அமைதிக்குள் நின்ற கந்தவேலின் முகம் வெளிறிப் போனது. சாரதாமணி அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அந்த விற்பனையாளர் நல்ல மனிதர், பாவம், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வைகாசியில் கேரளா. திருப்பூருக்குக் கிட்டத்தில் இருக்கிற கடல் அதுதான், பாலக்காடு தாண்டிக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு, எதிரே ஆளுயர அலை. வீட்டுக்காரருக்குத் தமிழ் ஓரளவு வந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் கந்தவேல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் சாரதாமணி தோப்பின் ஓரம்வரை நடந்து போய்ப் பார்த்தாள். வேரோடு சாய்ந்த தென்னைகள் அலைக்குள் தலையை நீட்டிக் கிடந்தன. போன வருஷம் இதற்கும் அப்பால் இரண்டு வீடு இருந்தது என்று வீட்டுக்காரரே சொன்னார், மழை பெய்ததைச் சொல்வதுபோல. அவர்கள் டீ குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாவது வீடு தானாக வந்தது. சாரதாமணியோடு செக்கிங்கில் இருந்த ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, பாம்பனுக்கு அந்தப் பக்கம், தீவில் தன் சித்தி ஜெபமாலை இருக்கிறாள், அவள் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு காலியாகக் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றாள். ஆனி மாதம் ஒரு விடிகாலையில் அவர்கள் ரயிலில் போய் இறங்கினார்கள்.

வீடு வடகடலைப் பார்த்து நின்றது. சுண்ணாம்பு அடித்த இரண்டு அறை, பூவரச மரம், கடலிலிருந்து ஐம்பது அடியில் இருந்தும் கற்கண்டு மாதிரித் தண்ணீர் ஊறும் கிணறு. சாரதாமணி அறையின் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். வெளியே கடல் அசையாமல் கிடந்தது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பால் கலந்த பச்சையில் தொடங்கி, தூரப் போகப் போக நிறம் கழன்று, வானத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. ஒரு கொக்கு கணுக்கால் தண்ணீரில் நடந்தது. அது கால் வைத்த இடத்தில் மட்டும் வட்டம் விரிந்தது. அவ்வளவுதான் அசைவு. சாரதாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்கள் எங்கெங்கோ போய், எதிலும் முட்டாமல், திரும்பி வர மறந்து போயின.

கந்தவேல் கடலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆன புதிதில்கூட அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அவர் காதுக்குள்ளோ மெஷின் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலையே இல்லாத கடல், வண்டி போகாத தெரு, காற்றில்லாத பூவரச மரம். இப்படி ஒரு அமைதியை வேலம்பாளையத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எப்புடீங்க இருக்குது?" என்று அவள் திரும்பினாள்.

"நெம்ப நல்லா இருக்குது," என்றார்.

ஒரு மாதத்துக்கு வீட்டைப் பிடித்தார்கள். சாரதாமணி அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். காலையில் ஜெபமாலையோடும் மற்றப் பெண்களோடும் கரையில் உட்கார்ந்து, அவர்கள் கடலில் முங்கி எடுத்து வந்த பாசியைக் காய வைப்பாள். மதியம் ஜன்னலோரம். பேச்சு குறைந்து, நடை மெதுவாகி, தூக்கத்தில் நடப்பவள்போல் ஒரு புன்னகையோடு அலைந்தாள். கந்தவேல் தினமும் சாப்பிட்டதும் டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். சாயங்காலம்தான் வருவார். டீக்கடையில் கேரம் ஆடுகிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது முகம் நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் வேட்டியைத் துவைக்கும்போது அவள் கை நின்றது. வேட்டியின் ஓரம் உப்புப் பூத்து விறைத்திருந்தது. மடிப்பை உதறினாள். கல்லின் மேல் மணல் கொட்டியது. சிவந்த, பெருவெட்டான மணல். இந்தக் கரை மணல் மாவு மாதிரி இருக்கும், கொஞ்சம் சேறும் கலந்திருக்கும். இருபத்தாறு வருஷம் துணியைப் புரட்டிப் பார்த்தவளுக்கு இது போதும். அந்த மணலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபமாலையிடம் போனாள்.

"இது தென்கடல் மண்ணுல்லக்கா," என்றாள் ஜெபமாலை. "அண்ணன் அங்கனதான் போறாரு. சேர் ஆட்டோல ஏறுறதத் தெனமும் பாக்குறேனே. நீங்க சொல்லித்தான் போறாருன்னு நெனச்சேன்."

ஊருக்குத் தெற்கே, ரோட்டையும் தண்டவாளத்தையும் தாண்டி ஒரு மைல்கூட இல்லை, இன்னொரு கடல் இருந்தது. சாரதாமணிக்கு அது இருப்பது தெரியும், போனதில்லை. அன்று மதியம் அவர் கிளம்பிய அரை மணி நேரம் கழித்து அவளும் ஆட்டோ ஏறினாள்.

பனைமரங்களைத் தாண்டும்போதே இரைச்சல் கேட்டது. மணல் மேட்டில் ஏறினாள். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. கீழே கடல் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக எழும்பி, கரையில் மோதி, நுரையைத் தூக்கிக் காற்றில் எறிந்தது. கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கந்தவேல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் நான்கு வருஷமாக நிரந்தரமாகப் பதிந்துபோன கோடு இல்லை. ஒரு கை மணலில் மல்லாந்து, விரல்கள் விரிந்து கிடந்தன. இவரா இது என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிழல் நகர்ந்து அவர் முகத்தில் வெயில் விழுந்தபோது முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். காற்று அதைப் பிடுங்கப் பிடுங்க, அவள் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அலைகள் வந்து வந்து உடைந்ததில் அவளும் பாதிக் கனவில் இருந்தாள்.

அவர் கண் விழித்தார். தலைக்கு மேலே நீலச் சேலை ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து என்னவோ சொன்னார். அலையில் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அவர் காதருகே குனிந்து எதையோ கேட்டாள். அவருக்கும் கேட்கவில்லை.

அப்போது சாரதாமணி வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, சட்டென்று மூடி, புருவத்தை உயர்த்தினாள். மெஷின் நின்றுவிட்டதா?

கந்தவேல் அவள் கையையே பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சோமனூரில் அவர் அப்பாவின் விசைத்தறிக் கூடத்துக்கு நூல் சுற்ற வந்தவள் அவள். பன்னிரண்டு தறி ஓடும் இடத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறாயா என்பதற்கு மட்டும் கை இல்லை, அதை அவரே புதிதாக உண்டாக்கினார். அவள் முதலில் புரியாததுபோல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பதில் காட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

அவர் உள்ளங்கையை மூடிக் காட்டினார். நின்றுவிட்டது.

திரும்பும் வழியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்து பேச்சுக் கேட்கத் தொடங்கியதும் அவள் ஆரம்பித்தாள். ஒரு பத்து நிமிஷம் விடாமல் பேசினாள். பன்னிரண்டு நாள் பொய், டீக்கடை என்று பொய், ஜெபமாலைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்ற அவமானம். கந்தவேல் குனிந்த தலையோடு கூட நடந்தார்.

"துணில ஊசி மொனை ஓட்டை இருந்தாக் கண்டுபுடிக்கறவ நானு. என்கிட்டப் போயி மறைக்கலாமுங்களா?"

"அந்த ஜன்னல்ல நின்னயே, அன்னிக்கு உன்ற மூஞ்சியப் பாத்தேன் சாரதா," என்றார். "அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்கே தென்கடல் பக்கம் ஊடு பாக்கறமுங்க," என்று மட்டும் சொன்னாள்.

தென்கரையில் ஜெபமாலையின் தம்பிக்கு ஒரு வீடு இருந்தது. ஆடி முதல் தேதி அங்கே மாறினார்கள். கந்தவேலுக்கு அது சொர்க்கம். சாரதாமணிக்கு அது சோற்றில் மணல், தலையணையில் மணல், பூட்டுக்குள் உப்பு. கதவைத் திறந்தால் காற்று வீட்டுக்குள் வந்து காலண்டரைக் கிழித்துக்கொண்டு போனது. கடலைப் பார்த்தால் கண் ஓர் இடத்தில் நிற்காது, அலையோடு ஏறி இறங்கித் தலை சுற்றும். அவள் குறை சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆட்டோ ஏறி வடகரைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். வீட்டில் கையாலேயே பேசிக்கொண்டார்கள். குழம்புக்கு உப்புப் போதுமா என்பதற்கு அவர் ஒரு கை கண்டுபிடித்தார். மொட்டை மாடித் துணி பறந்துவிட்டது என்பதற்கு அவள் ஒன்று கண்டுபிடித்தாள். ஆவணியில் பார்க்க வந்த செந்தில்வேல் பக்கத்தில் உட்கார்ந்து கத்திப் பார்த்தான். அவர்கள் இருவரும் கையை ஆட்டிச் சிரித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தான்தான் இங்கே அயலூர்க்காரன் என்று நினைத்துக்கொண்டான். அப்பா தூங்குகிறார் என்பது மட்டும் அவனுக்குத் திருப்தி. ஊருக்குத் திரும்பிப் போகும்போது, இந்த வீட்டையே பேசி முடித்துவிடட்டுமா என்று கேட்டான். கார்த்திகை கழியட்டும் என்றார் கந்தவேல்.

கார்த்திகைக்கு முன்னாலேயே அது நடந்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் கந்தவேல் மெஷின் ஓடும் சத்தத்தில் எழுந்தார். எழுந்து வாசலுக்கு ஓடினார். கடல் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அலை இல்லை. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போல, ஓரத்தில் மட்டும் லேசாகச் சளசளத்துக்கொண்டு, வெள்ளி நிறத்தில் கிடந்தது. ஒரு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்தார். மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் அவர் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கடலும் கைவிட்டுவிட்டது என்று நினைத்தார்.

சாரதாமணி ஜெபமாலையைக் கூட்டி வந்தாள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"இதுக்கா அண்ணே இப்புடி இருக்கீக? வாடைக் காத்து கெளம்பிருச்சுல்ல. தென்மேக்குக் கச்சான் காத்து அடிக்கையில தென்கடல் ஆடும், வடகடல் தூங்கும். வாடையில இது தூங்கும், அது ஆடும். ஆறு மாசம் இங்கிட்டு, ஆறு மாசம் அங்கிட்டு. இது எங்க பச்சப்புள்ளைக்கும் தெரியுமே. எங்காளுக படகெல்லாம் போன வாரமே இங்க கொண்டாந்து கட்டியாச்சு, பாக்கலையா?"

உண்மைதான். கரையில் புதிதாக இருபது படகு நின்றதைக் கந்தவேல் பார்த்திருந்தார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கே இருவரும் வடகரைக்குப் போனார்கள். பூவரச மரம் காற்றில் குனிந்து நிமிர்ந்தது. சாரதாமணியின் அந்த ஜன்னலுக்கு வெளியே பச்சையும் இல்லை, கொக்கும் இல்லை. சாம்பல் நிற அலைகள் வரிசை வரிசையாக வந்து கரையை அறைந்தன. தன் கடல் அப்படிக் கோபம் கொள்ளும் என்று அவள் நினைக்கவில்லை. கந்தவேல் பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையை மூடிக் காட்டினார். பிறகு தெற்கே கையை நீட்டி, அவள் கண்ணைத் தொட்டுக் காட்டினார். இனி உனக்கு அது.

தென்கரை வீட்டிலேயே இருந்துகொண்டு, மதியத் தூக்கத்துக்கு மட்டும் கந்தவேல் வடகரைக்குப் போய் வந்தார். இப்போது எந்த வீட்டை எடுப்பது? தை பிறந்ததும் செந்தில்வேல் நேரில் வந்து கேட்டான். வடக்கு என்றால் பாதி வருஷம் அவருக்கு ஆகாது. தெற்கு என்றாலும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு மாறுகிற வயசா இது? அவன் மேப்பைத் திறந்து வைத்து வடகரையையும் தென்கரையையும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கினான். சாரதாமணி எட்டிப் பார்த்தாள். அவள் விரல் இரண்டு கரையிலும் படாமல், நடுவே, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பனங்காடு இருந்த இடத்தில் போய் நின்றது.

"இங்க ஊடு எதாச்சும் இருக்குதான்னு கேளு கண்ணு."

இருந்தது. ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர் கட்டி, மகள் வீட்டோடு போய்விட்டதால் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு. மணல் மேட்டின் உச்சியில், சுற்றிலும் பனை. மரங்கள் மறைப்பதால் அங்கிருந்து எந்தக் கடலும் தெரியாது. வடக்கே பத்து நிமிஷம் நடந்தால் ஒன்று, தெற்கே பத்து நிமிஷம் நடந்தால் இன்னொன்று. செந்தில்வேலுக்கு ஏமாற்றமாக இருந்தது. கடலோர வீடு தேடி ஒரு வருஷம் அலைந்து, கடைசியில் கடல் தெரியாத வீடா என்றான்.

சாரதாமணி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கந்தவேல் நடு அறையில் கண்ணை மூடி நின்றார். வடகடலின் இரைச்சல் பனைமரங்களின் ஊடே வந்தது. பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இல்லை, தூரத்தில் பெரிய மழை ஒன்று வந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது. காதுக்குள் மெஷின் முழுதாக நிற்கவில்லை. அவர் உற்றுக் கேட்டார். ஓடத்தான் செய்தது.

"எப்புடீங்க?" என்று சாரதாமணி கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "இந்த வாட்டி நெசத்தச் சொல்லோணும்."

"நிக்கல," என்றார் அவர். "ஓடுது. ஆனா பக்கத்து ஷெட்டுக்குப் போயிருச்சு. நடுவுல செவுரு இருக்குது."

"தூக்கம் வருமுங்களா?"

"வரும்னுதான் நெனைக்கறேன். வரலீன்னா நடந்து போயிக் கரையில படுத்துக்கறேன். இனி சொல்லிட்டே போறேன்."

மாசியில் அந்த வீட்டுக்குக் குடி வந்தார்கள். வேலம்பாளையம் வீட்டை விடவில்லை. மாதத்தில் பத்து நாள் அங்கே, இருபது நாள் இங்கே என்று பேச்சு. முதல் நாள் பால் காய்ச்சி, ஜெபமாலைக்கும் அக்கம் பக்கத்துக்கும் கொடுத்து, எல்லோரும் போன பிறகு கந்தவேல் முன்னறையில் கட்டிலைப் போட்டுச் சாய்ந்தார். பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசின. ஒரு ரயில் பாலத்தை நோக்கி மெதுவாக ஊர்ந்து போனது. அதன் சத்தம் தேய்ந்து முடிந்த இடத்திலிருந்து கடல் தொடர்ந்தது. அவருக்குக் கண் சொருகியது.

அடுக்களையில் சாரதாமணி பாத்திரத்தை இறக்கி வைத்தாள். தென்கரையில் அலை இரைச்சலுக்கு நடுவே இருந்த மாதங்களில் அவளுக்குக் கையால் பேசியே பழகிவிட்டிருந்தது. வாசற்படிவரை வந்து அவர் இந்தப் பக்கம் பார்ப்பாரா என்று நின்றாள். அவர் கண் மூடியிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று நினைத்து, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல், மெல்லிய குரலில் கேட்டாள்.

"சோறு போடட்டுங்களா?"

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார். "கொஞ்ச நேரம் போகட்டும் சாரதா. வந்து உக்காரு."